குறியும் நெறியும்: அமெரிக்க உயர்பாடசாலைகளில் சுடுபயிற்சி

ஒரு கலையைக் கற்பித்தவன், அதனைக் கற்றவன் இழைக்கும் தீங்கிற்குப் பொறுப்பாளி ஆவானா என்ற வினா மெய்யியலாளரை நெடுங்காலமாகவே அலைக்கழித்து வந்துள்ளது. பிளேட்டோவின் உரையாடல்களுள் ஒன்றான 'கோர்கியாஸ்' இவ்வினாவை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. சொல்வன்மை ஆசிரியராகிய கோர்கியாஸ் தம் தொழிலைப் போர்க்கலையோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். குத்துச்சண்டையோ, மற்போரோ, ஆயுதப் பயிற்சியோ பெற்ற ஒருவன் அத்திறனைக் கொண்டு தன் பெற்றோரையே தாக்குவானாயின் பழி அவனையே சாரும். நல்ல நோக்கத்தோடு கற்பித்த ஆசிரியனை ஊரைவிட்டுத் துரத்துவது நியாயமன்று என்பது அவர் வாதம். கேட்ட மாத்திரத்தில் எவருக்கும் இது சரியெனவே தோன்றும். ஆயினும் சோக்கிரதீஸ் அவ்வளவில் விட்டுவிடவில்லை. உம்மிடம் வரும் மாணவன் நீதி இன்னதென அறியாதவனாயின் அதனையும் நீர் கற்பிப்பீரா என்று அவர் வினவுகிறார். ஆம் என ஒப்புக்கொள்கிறார் கோர்கியாஸ். அவ்வாறாயின் உம் மாணவன் அநீதி செய்வது எங்ஙனம் என்ற அடுத்த வினாவில் அவர் அகப்பட்டுக்கொள்கிறார்.

இவ்வுரையாடல் எழுதப்பட்டு இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. கோர்கியாஸின் விடையையும் சோக்கிரதீஸின் வினாவையும், அவர்கள் பெயரைக்கூட அறியாதவர்கள், ஐக்கிய அமெரிக்காவின் கல்விச் சபைகளிலே இன்றும் மாறிமாறி எடுத்துரைத்து வருகின்றனர். அந்நாட்டு உயர்பாடசாலைகள் பலவற்றில் உதைபந்தாட்டக் குழு, நீச்சற் குழு என்பன போலத் துப்பாக்கியாற் குறிபார்த்துச் சுடும் குழுவும் ஒன்று உண்டு. பாடசாலைகளில் மாணவர் சுட்டுக் கொல்லப்படுதல் மீண்டும் மீண்டும் நிகழும் ஒரு நாட்டில் அப்பாடசாலைகளே சுடுவதைக் கற்பிக்கலாமா என்பதே விவாதம்.

விவாதத்துட் புகுமுன் இப்பயிற்சி யாதென அறிதல் வேண்டும். பெரும்பாலான குழுக்கள் இன்று பயன்படுத்துவன வெடிமருந்துத் துப்பாக்கிகள் அல்ல, காற்றழுத்தத்தால் இயங்குவன. அவற்றினின்று வெளிப்படும் ஈயக்குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர். இலக்கு 10 மீற்றர் தொலைவில் நிறுத்தப்படும். மாணவர் குப்புறப் படுத்தும், முழந்தாளிட்டும், நின்றும் என மூன்று நிலைகளிற் சுடுவர். சர்வதேச அளவினதான இலக்கில் முழுப் புள்ளிக்குரிய நடுப்பொட்டு அரை மில்லிமீற்றர் விட்டமே உடையது; ஒரு முற்றுப்புள்ளி அளவே எனலாம். அதனைத் துளைக்க வேண்டுமாயின் உடல் வலிமையினும் உடல் அமைதியே வேண்டப்படும். மூச்சு ஒடுங்க வேண்டும். தோளின் இறுக்கம் தளர வேண்டும். விசையை இழுக்கும் விரலைத் தவிர ஏனைய உறுப்பெல்லாம் அசைவற்றிருக்க வேண்டும். போட்டி மண்டபங்களில் நிலவும் அமைதி பரீட்சை மண்டபத்தின் அமைதியையே ஒத்தது. இதனை வன்முறைப் பயிற்சி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் ஒருமுறையேனும் அதனை நேரிற் கண்டிருத்தல் நன்று.

எனினும் இக்கலையின் பிறப்பு விளையாட்டில் நிகழவில்லை என்பதையும் மறைத்தலாகாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படையினர் குறிதவறிச் சுட்டமை கண்டு மனம் நொந்த அதிகாரிகளே 1871 இல் தேசிய துப்பாக்கிச் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் விங்கேற் 1903 இல் நியூ யோர்க் நகரிற் பொதுப் பாடசாலை விளையாட்டுக் கழகம் அமைக்கப்பட்டபோதும் முன்னின்றார். அந்நகர உயர்பாடசாலை மாணவரிடையே சுடுபயிற்சி பரவியமை அக்கழகத்தின் வழியேயாகும். அதே 1903 இல், துப்பாக்கிப் பயிற்சியை ஊக்குவிப்பதற்கெனத் தேசிய சபையொன்றைக் காங்கிரஸ் ஏற்படுத்திற்று. 1916 ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உயர்பாடசாலைகளில் இளையோர் சேமப்படை அதிகாரிப் பயிற்சிப் பிரிவு தோன்றியது. இக்கட்டுரையில் மாணவர் படை எனப்படுவது இதுவே. ஐரோப்பா போரிற் சிக்குண்டிருந்த காலம் அது. நாளைய போர்வீரனை இன்றைய வகுப்பறையில் உருவாக்குவதே நோக்கமாயிருந்தது. அந்நோக்கத்தை எவரும் அன்று ஒளித்துரைக்கவில்லை.

அக்காலத்து அமெரிக்காவில் மாணவன் ஒருவன் துப்பாக்கியோடு வீதியிற் செல்வது வியப்பாகக் கருதப்படவில்லை. பிற்காலத்தில் உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கிய அன்ரனின் ஸ்கலியா, நியூ யோர்க்கிலுள்ள யேசுசபைப் பாடசாலை ஒன்றின் துப்பாக்கிக் குழுவில் இருந்தவர். 1950 களின் தொடக்கத்தில் தாம் துப்பாக்கியைக் கையிலேந்தியவாறு நிலக்கீழ்ப் புகையிரதத்திற் பயணஞ் செய்ததை அவரே நினைவுகூர்ந்துள்ளார். துப்பாக்கி வைத்திருத்தல் தனிமனித உரிமையே என 2008 இல் அந்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை எழுதியவரும் அவரே. இளமையிற் பழகிய பொருள் முதுமையிற் கருத்தாக உருக்கொண்டது என்று இதனைக் கொண்டு நிறுவிவிட இயலாது. ஆனால் ஒரு தலைமுறைக்குத் துப்பாக்கி எத்துணை இயல்பான பொருளாக இருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

அவ்வியல்பு நிலை நீடிக்கவில்லை. 1994 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, பாடசாலைக்குத் துப்பாக்கி கொணரும் மாணவனை ஓராண்டுக்குக் குறையாமல் விலக்கிவைக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. ஆனால் கல்வி நிருவாகம் அனுமதித்த நிகழ்ச்சிகளுக்கான துப்பாக்கிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே ஒரே கட்டடத்தில் ஒரு மாணவனுக்குக் குற்றமாக இருப்பது மற்றொருவனுக்குப் பதக்கம் ஈட்டித்தரும் விளையாட்டாகியது. சட்ட நோக்கில் இதில் முரண்பாடு யாதுமில்லை. மருத்துவன் கையிற் கத்தியும் கள்வன் கையிற் கத்தியும் ஒன்றல்லவே. ஆயினும் பதினைந்து வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் இவ்வேறுபாடு தானே விளங்குமென எதிர்பார்த்தல் தகுமா என்பது வேறொரு வினா.

இவ்விவாதத்தை எழுத்தளவினின்று குருதியளவுக்குக் கொண்டுவந்தது 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 14 ஆம் நாள். புளோரிடா மாநிலத்தின் பார்க்லாண்ட் நகர உயர்பாடசாலையில் அன்று 14 மாணவரும் 3 ஊழியருமாகப் பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றவன் பத்தொன்பது வயதினன். அப்பாடசாலையின் முன்னாள் மாணவன். அங்கே மாணவர் படையிலும் அதன் சுடுபயிற்சிக் குழுவிலும் இருந்தவன். அன்று அவன் அணிந்திருந்ததும் மாணவர் படையின் பெயர் பொறித்த மேற்சட்டையே. கொல்லப்பட்டவர்களுள் மூவர் அதே மாணவர் படையைச் சேர்ந்தவர்கள். ஒருவருக்கு வயது பதினைந்து, ஏனைய இருவருக்கும் பதினான்கு. அவர்களுள் மூத்தவன் தன் தோழர் வெளியேறுவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துநின்ற நிலையில் உயிர் துறந்தான். மூவருக்கும் இராணுவம் வீரப்பதக்கம் வழங்கிற்று.

இரு தரப்பாரும் இந்நிகழ்ச்சியையே தத்தமக்குச் சான்றாக எடுத்துக்கொண்டனர். பாடசாலை கற்பித்த பயிற்சியின் விளைவைப் பாரீர் என்றனர் எதிர்ப்போர். அதே படையிற் பயின்ற பிள்ளை பிறர்க்காக உயிர் கொடுத்ததையும் பாரீர் என்றனர் ஆதரிப்போர். உண்மையில் இச்சான்று எவர்க்கும் உதவுவதன்று. ஒரே பயிற்சி பெற்றோருள் ஒருவன் கொலைஞனாகவும் மற்றொருவன் தியாகியாகவும் ஆவானாயின், அவ்வேறுபாட்டிற்கான காரணம் அப்பயிற்சியில் இல்லை என்பதே அளவையியல் தரும் முடிபு.

எதிர்ப்போரின் வாதங்களுள் வலிமை மிக்கது போலத் தோன்றுவதும், ஆராயுமிடத்து மிக நலிந்ததும் இக்காரணகாரிய வாதமேயாகும். பார்க்லாண்டிற் பயன்பட்டது தானே குண்டேறும் போர்முறைத் துப்பாக்கி. ஓராண்டுக்கு முன்னர், பதினெட்டு வயதில், சட்டப்படியே அவன் அதனை விலைக்கு வாங்கியிருந்தான். அடைபட்ட அறைகளுக்குள் அண்மையில் நிற்போரைச் சுடுவதற்கு அரை மில்லிமீற்றர்ப் பொட்டைத் துளைக்கும் நுட்பம் வேண்டியதில்லை. காற்றுத் துப்பாக்கிக் குழு இல்லாதிருந்தால் அப்பதினேழு பேரும் பிழைத்திருப்பர் என்று நெஞ்சறிய எவரும் கூறமுடியாது. துப்பாக்கி விற்பனையைப் பற்றி எழவேண்டிய சினம் கைக்கெட்டிய பொருளின்மீது பாய்ந்தது என்பதே பொருத்தம்.

ஆதரிப்போர் கூறும் நன்மைகளும் வெறும் புனைவுகள் அல்ல. ஓட்டத்திலும் பந்தாட்டத்திலும் இடம் பெறாத மாணவர்க்கு இவ்விளையாட்டில் இடமுண்டு. உயரமும் உடற்கட்டும் இங்கு பொருட்டல்ல. ஜோர்ஜியா, ஹவாய் ஆகிய மாநிலங்களில் இது ஏனைய விளையாட்டுகளைப் போன்றே மாநிலப் போட்டியாக நடாத்தப்படுகின்றது. மின்னசோட்டாவில் 2008 இல் 3 பாடசாலைகளின் மாணவர் சுமார் 30 பேரோடு நடைபெற்ற களிமண் தட்டுச் சுடும் போட்டி, பத்தாண்டு கழியுமுன் பல்லாயிரவர் பங்குகொள்ளும் பெருவிழாவாக வளர்ந்தது. பெண்களும் ஆண்களும் சமமாக நின்று போட்டியிடும் அரிய விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. 1976 ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் மார்கரெட் மேர்டொக் என்னும் அமெரிக்கப் பெண்மணி தம் நாட்டவரான லானி பாஷமோடு சமபுள்ளி பெற்றார். இலக்குத் தாள்களை நுணுகி ஆராய்ந்து பாஷமுக்கே பொற்பதக்கம் என முடிவு செய்யப்பட்டது. நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது பாஷம் அவரது கையைப் பற்றி வெற்றி மேடையின் முதற்படியில் தம்மருகே ஏற்றி நிறுத்தினார். விளையாட்டு மனிதனை மேன்மைப்படுத்தும் என்பார்க்கு இதனிலும் சிறந்த காட்சி வேண்டுமோ?

இவையனைத்தும் உண்மையாயினும் ஆதரவாளரின் அடிப்படை வாதம் ஒன்று ஆராய்ச்சிக்குரியது. சுடுபயிற்சி மனத்தை ஒருமுகப்படுத்துகிறது; ஒருமுகப்பட்ட மனம் ஒழுக்கமுள்ள மனம்; ஆகவே சுடுபயிற்சி ஒழுக்கப் பயிற்சியே என்று அவர்கள் கூறுவர். இதில் இரண்டாம் கூற்று எங்ஙனம் பெறப்பட்டது? ஓய்கன் ஹெரிகல் என்னும் ஜெர்மானிய மெய்யியலாளர் 1920 களில் யப்பானிற் பேராசிரியராகப் பணியாற்றியபோது வில்வித்தை பயின்று, அதன் வழியே தாம் அடைந்த மனவொடுக்கத்தைப் பற்றி 1948 இல் ஒரு நூல் வெளியிட்டார். வில்லையும் ஞானத்தையும் இணைத்துப் பேசுவோர் அனைவரும் இன்றும் அந்நூலையே சுட்டுவர். அதே ஹெரிகல் 1937 இல் நாஸிக் கட்சியிற் சேர்ந்தவர். அவ்வாட்சியின் இறுதிக் காலத்தில் ஏர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். அம்பு விடும்போது அகந்தை அழிந்த உள்ளம், கட்சி அட்டையைப் பெறும்போது விழித்துக்கொள்ளவில்லை. மனவொருமைப்பாடு ஒரு வலிமை. அறம் எனப்படுவது அதனின் வேறு.

பாரதக் கதையில் துரோணர் நடாத்திய சோதனையும் இங்கு நினைவிற்கு வருதல் இயல்பே. மரத்தின்மேல் வைத்த பறவையைக் குறிவைக்கச் சொல்லி, என்ன காண்கிறாய் என ஒவ்வொரு சீடனையும் ஆசிரியர் வினவினார். தருமன் பறவையைக் கண்டான், மரத்தையும் கண்டான், உடன்பிறந்தாரையும், அருகில் நின்ற ஆசிரியரையும் கண்டதாகக் கூறினான். அவனை விலகி நிற்கச் சொன்னார் துரோணர். அருச்சுனனோ பறவையின் தலையன்றி வேறெதனையும் காணவில்லை என்றான், வென்றான். குவிந்த கவனத்தின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகவே இக்கதை பாடசாலைகளிற் சொல்லப்பட்டு வருகிறது. அச்சோதனையில் தோற்றவன் தருமன் என்பதை எவரும் நின்று நோக்குவதில்லை. வில்லை ஏந்தியபோதும் சுற்றி நிற்போரைக் காண்பவன் நல்ல வில்லாளி ஆகான். ஆனால் அவனுக்கே அறத்தின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பின்னர்க் குருக்ஷேத்திரத்திலே, இரு படைகளுக்கும் நடுவே நின்று, எதிரில் நிற்போர் பாட்டனும் ஆசானும் உறவினருமே எனக் கண்ட கணத்தில் அருச்சுனனின் கை தளர்ந்து வில் நழுவிற்று. அன்று தருமன் கண்டதையே இன்று அவனும் கண்டான். அவனை மீண்டும் வில்லெடுக்கச் செய்வதற்குக் கவனப் பயிற்சி போதவில்லை. எது செய்யத்தக்கது என்பதைப் பற்றிய நீண்டதோர் உரையாடல் வேண்டியிருந்தது. அவ்வுரையாடலின் முடிபை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறமிருக்க, அஃது இன்றியமையாதது என்பதைக் கதையாசிரியர் உணர்ந்திருந்தார்.

சுடுபயிற்சியின் இயல்பு பார்வையைக் குறுக்குதலே. கல்வியின் இயல்பு பார்வையை விரித்தல். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருத்தல் இயலாததன்று; அறுவை மருத்துவனும் கணிதனும் பார்வையைக் குறுக்கவே கற்கின்றனர். ஆனால் குறுக்கக் கற்பிக்கும் நிறுவனம் விரிக்கவும் கற்பித்தாக வேண்டும் என்ற கடமை பாடசாலைக்கு உண்டு. தனியார் சுடுகழகம் ஒன்றிற்கு அக்கடமை இல்லை. கலை ஈரடித் தன்மையது என்றார் அரிஸ்டோட்டில். நலமளிக்கும் மருத்துவ அறிவே நோயளிக்கவும் வல்லது, எப்பக்கம் திரும்புவது என்பதை அவ்வறிவுக்குப் புறம்பான விருப்பமே தீர்மானிக்கும் என்பது அவர் கொள்கை. அவ்விருப்பத்தைச் செம்மைப்படுத்துவது யாருடைய பணி? பாடசாலையினது எனின், குறியை நிருணயிக்கும் அதிகாரமும் பாடசாலையிடமே இருத்தல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் அமெரிக்கப் பாடசாலைகளின் நிலை ஐயத்துக்குரியதாகின்றது. அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் 2018 இல் ஆராய்ந்து வெளியிட்டவாறு, தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் அறநிலையம் 2010 முதல் 2016 வரையான காலத்தில் ஏறத்தாழ 500 பாடசாலைகளுக்கு 70 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட உதவி வழங்கியிருந்தது. பார்க்லாண்ட் பாடசாலையின் மாணவர் படையும் 2016 இல் பத்தாயிரம் டொலருக்கு மேற்பட்ட உதவியைப் பெற்றிருந்தது. படுகொலைக்குப் பின்னர் அப்பாடசாலை அடங்கிய புரோவாட் மாவட்டமும், தொலைவிலுள்ள டென்வர் நகரமும் இனி அப்பணம் வேண்டாம் என அறிவித்தன. இது வெறும் அடையாளச் செயல் என எள்ளி நகையாடினோர் உளர். பணம் துப்பாக்கிகளாகவும் குண்டுகளாகவும் வந்ததேயன்றிக் கொள்கையாக வரவில்லையே என்பது அவர்தம் கேள்வி. ஆனால் துப்பாக்கி விற்பனைக் கட்டுப்பாடுகளை எதிர்த்து அரசியலரங்கிற் போராடும் ஓர் அமைப்பு, பதினான்கு வயதினர்க்கு அன்பளிப்பு வழங்கும்போது அதனால் எதனையும் எதிர்பார்க்கவில்லை என நம்புதல் வெள்ளை மனத்தோர்க்கே இயலும். மதுவடிசாலை ஒன்று பாடசாலைக்குக் குவளைகள் அன்பளிப்புச் செய்யுமாயின், அவற்றிற் பாலையே அருந்துகின்றோம் என்ற விடை போதுமா?

இராணுவத்தின் பங்கும் இத்தகையதே. மாணவர் படை ஆட்சேர்ப்புக்கானதன்று, நற்குடிமக்களை உருவாக்குவதே அதன் நோக்கம் என்று அதிகாரிகள் கூறி வருகின்றனர். அது வறிய பகுதிகளிலும் சிறுபான்மையினர் மிகுந்த பகுதிகளிலும் உள்ள பாடசாலைகளிற் பரவலாகக் காணப்படுவது ஏன் என்பதற்கு அவ்விடை போதாது. டெட்ரோயிட், சிக்காகோ முதலிய நகரங்களிலே முதலாண்டு மாணவர் பலர் தாமாகத் தெரிவுசெய்யாமலே இவ்வகுப்புகளிற் சேர்க்கப்பட்டிருந்தமை 2022 இல் வெளிச்சத்துக்கு வந்தது. இவ்வகுப்புகளைத் தாமே விரும்பிப் பயிலும் பிள்ளைகளும் பலர்; அவர்களைப் பற்றி முறையிட ஏதுமில்லை. விரும்பாமலே வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளையின் நிலை வேறு.

பாடசாலைகளின் அரைமனதுக்கு ஒரு சிறு நிகழ்ச்சியே போதிய சான்று. 2015 இல் மின்னசோட்டாப் பாடசாலை ஒன்று, தன் களிமண் தட்டுச் சுடும் குழுவினரின் படத்தை ஆண்டுமலரில் வெளியிட முற்பட்டபோது துப்பாக்கிகளோடு எடுத்த படம் வேண்டாம் என்றது. பெற்றோர் கொதித்தெழுந்தனர். உதைபந்தாட்டக் குழு பந்தோடு நிற்கலாம், எம் பிள்ளைகள் துப்பாக்கியோடு நிற்கலாகாதா என்றனர். முடிவில் அப்பாடசாலையின் சபை இணங்கியது. இதிற் பெற்றோர் பக்கமே நியாயம் இருந்தது எனலாம். தான் நடாத்தும் ஒன்றைப் படத்தில் மறைக்க விரும்பும் நிறுவனம், அதனை நடாத்தலாமா என்ற வினாவைத் தன்னிடமே இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்கப்படத்தக்கதாயின் கைவிடல் வேண்டும், பெருமைக்குரியதாயின் மறைத்தலாகாது.

காங்கிரசும் இவ்வினாவை நேர்நின்று நோக்கவில்லை. 2022 இல் நிறைவேறிய துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்தில், ஆபத்தான ஆயுதப் பயிற்சிக்குக் கூட்டாட்சிக் கல்வி நிதியைச் செலவிடலாகாது என்ற ஒரு பிரிவு இருந்தது. கல்வித் திணைக்களம் அதற்குப் பொருள் கொண்டவாறு, பாடசாலைகளின் வில்வித்தை வகுப்புகளும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளும்கூட அந்நிதியை இழக்கும் நிலை 2023 இல் ஏற்பட்டது. வில்லும் வேட்டையும் தடைப்படுவதைக் கிராமப்புற மக்கள் பொறுக்கவில்லை. இரு கட்சியினரும் ஒன்றுபட்டனர். பிரதிநிதிகள் சபையில் 424 வாக்குகளும் எதிராக ஒரேயொரு வாக்கும் பெற்ற திருத்தச் சட்டம், ஒக்டோபர் 6 ஆம் நாள் சனாதிபதியின் ஒப்பத்தைப் பெற்றது. வில்வித்தை, வேட்டைக் கல்வி, சுடும் விளையாட்டு மூன்றையும் அச்சட்டம் ஒரே கட்டாகக் கட்டி விடுவித்தது. திணைக்களத்தின் பொருள்கோடல் மூடத்தனமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நானூற்றிருபத்துநால்வர் ஒரு கருத்தினராயினர் என்பதால் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது எனக் கொள்ளலாகாது. அன்று நிதியைப் பற்றி வாக்களித்தனரேயன்றி, பாடசாலை எதற்குப் பொறுப்பேற்கிறது என்பதைப் பற்றி எவரும் வாக்களிக்கவில்லை.

பொறுப்பேற்றல் என்பது எத்தகையது? பயிற்றுநர் இராணுவத்துக்கோ சங்கத்துக்கோ அன்றிப் பாடசாலைக்கே விடையிறுக்க வேண்டியவராயிருத்தல். குழுவின் செலவு பாடசாலையின் சொந்த வரவுசெலவில் இடம்பெறுதல். சேர்வதும் விலகுவதும் மாணவனின் விருப்பமாயிருத்தல். சுடும் நிலைகளைக் கற்கும் பிள்ளை தன் நாட்டிலே துப்பாக்கி செய்தவற்றையும் வரலாற்று வகுப்பிற் கற்றல். அப்பேச்சைத் துப்பாக்கி ஏந்தும் பிள்ளைகளும் துப்பாக்கிக்கு அஞ்சும் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்ந்து பேசுதல். இவ்வளவையும் செய்யத் துணியும் பாடசாலை சுடுபயிற்சிக் குழுவை வைத்திருக்கத் தகுதியுடையது. செய்ய இயலாததற்கு நேரமும் பணமும் இல்லை என்று கூறும் பாடசாலை, இலவசமாக வந்த துப்பாக்கிகளையும் ஏற்றிருத்தலாகாது. சொந்தத் தோழரைச் சுடுபட்டுப் பறிகொடுத்த பாடசாலைகளில் இவையனைத்தும் நிறைவேறினும் குழு வேண்டாம் என்ற குரல் எழுமாயின், அக்குரலை வாதத்தால் வெல்ல முயல்வது பண்பன்று. துக்க வீட்டிற் பறையொலி அளவறிந்தே எழுப்பப்படும்.

இவ்வினாவைத் தெளிவாக எழுப்பியவர்கள் அறிஞரோ அரசியலாளரோ அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரம் கடற்படைத் தளங்கள் நிறைந்தது. அங்கு இராணுவத்தை வெறுப்போர் மிகச் சிலரே. அந்நகர உயர்பாடசாலை மாணவர் சிலர் ஒன்றுகூடித் தம் கல்விச் சபையின்முன் சென்றனர். தம் சம்மதமின்றியே தம்மை மாணவர் படை வகுப்புகளிற் சேர்க்கலாகாது என்றனர். பல்கலைக்கழக அனுமதிக்கு அவ்வகுப்புகள் உதவா என்பதைப் பெற்றோர்க்கு முன்கூட்டியே அறிவிக்குமாறு கேட்டனர். பாடசாலைகளிற் சுடுபயிற்சியை நிறுத்துமாறும் கேட்டனர். 2009 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அச்சபை சுடுபயிற்சியை நிறுத்தத் தீர்மானித்தது. மாணவர் படை தொடர்ந்தது. அதன் துப்பாக்கிகள் மட்டும் பாடசாலைகளை விட்டு நீங்கின.